கல்யாண காசெட்டுக்கு கேமிங் கம்ப்யூட்டர் எதற்கு?

செமஸ்டர் லீவில் ஊருக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு கோபம் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. எழுதினால் இறங்கும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார். கணக்கு வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். தெருவே அவரை 'கணக்கு சார்' என்றுதான் கூப்பிடும். அவர் மனைவியை நாங்கள் எல்லோரும் 'அத்தை' என்போம். அத்தை இறந்து மூன்று வருடமாகிறது. 1994-இல் நடந்த மகள் கல்யாணத்தின் வீடியோ காசெட் இரண்டு சாரிடம் இருந்தது. ஒவ்வொன்றும் மூன்று மணி நேரம் ஓடும் விஎச்எஸ் காசெட். முதல் காசெட்டில் அத்தை ஆரத்தி எடுத்துக்கொண்டே பாடும் ஒரு நிமிடம் உண்டு. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் சார் கம்ப்யூட்டர் வாங்கினார்.

கடையில் போய் "பழைய காசெட்டைக் கம்ப்யூட்டரில் ஏத்தணும்" என்றிருக்கிறார். "வீடியோ வேலையா சார், அப்ப கிராஃபிக்ஸ் கார்டு இல்லாம ஓடாது" என்று சொல்லி 46,000 ரூபாய்க்கு ஒரு பெட்டியை அசெம்பிள் செய்து கொடுத்துவிட்டார்கள். நான்கு கோர் ப்ராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 4 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. மொத்த விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அந்தக் கார்டுக்கு. கண்ணாடிக் கதவு வழியாக மூன்று நிறத்தில் ஃபேன் சுற்றும். பூஜை அறைக்குப் பக்கத்தில் அது மின்னுவதைப் பார்த்தால் கார்த்திகை தீபம்தான். :-)

இப்போது என் வாதத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் காசெட்டையும் பழைய கேமரா வீடியோவையும் மாற்றிப் பத்திரப்படுத்த வாங்கும் பட்ஜெட் கம்ப்யூட்டரில் கிராஃபிக்ஸ் கார்டு என்பது வீண் செலவு. வெறும் வீண் செலவு மட்டுமல்ல, தேவையான மற்றதை வாங்கவிடாமல் தடுக்கிற செலவு. சார் வீட்டில் அதுதான் நடந்தது.

லீவில் போனபோது அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கார்டின் மாடல் எண்ணை வைத்து, தயாரித்த நிறுவனமே வெளியிட்டிருக்கும் விவரத்தைத் தேடினேன். அந்தக் கார்டில் வீடியோவைச் சுருக்கும் என்கோடர் கிடையாது! சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் டிகோடர் மட்டும்தான் இருக்கிறது. இது ஏதோ ஒரு கார்டின் கதை அல்ல. என்விடியாவின் ஜிடி 1030-இல் என்கோடர் இல்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400, ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இரண்டிலும் இல்லை. ஒளித்து வைத்த ரகசியமும் இல்லை, விவரப் பட்டியலில் பார்க்கலாம். விளையாடுவதற்கென்று குறைந்த விலையில் செய்த கார்டுகள் அவை. அவற்றை 'வீடியோ வேலைக்கு' என்று சொல்லி விற்பதுதான் தவறு.

அடுத்து ப்ராசஸர். இன்டெல் சிப்தான், ஆனால் மாடல் எண்ணின் கடைசியில் 'எஃப்' என்ற எழுத்து. எஃப் இருந்தால் சிப்புக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் முடக்கப்பட்டது என்று பொருள். அதோடு 'க்விக் சிங்க்' என்ற உள்ளமைந்த என்கோடரும் போய்விடும். இந்த க்விக் சிங்க் 2011-இலிருந்து இன்டெல் சிப்புகளில் இருக்கிறது. எஃப் இல்லாத சாதாரண சிப்பை வாங்கியிருந்தால் தனிக் கார்டே இல்லாமல் ஒரு வன்பொருள் என்கோடர் கிடைத்திருக்கும். ஆக 'வீடியோவுக்காகவே' செய்த இந்தப் பெட்டியில், வீடியோவைச் சுருக்கத் தனிச் சுற்று என்று ஒன்றுகூட இல்லை. எல்லா வேலையையும் செய்தது அந்த நான்கு கோர்கள்தான். கார்டு சும்மா இருந்து ஃபேன் சுற்றியது.

"சரி, என்கோடர் உள்ள நல்ல கார்டாக வாங்கியிருந்தால்?" என்று ஹாஸ்டல் நிபுணர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு, இந்த வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் கட்டம், காசெட்டை ஓடவிட்டுப் பதிவு செய்வது. மூன்று மணி நேரக் காசெட் மூன்று மணி நேரம்தான் ஓடும். லட்ச ரூபாய்க் கார்டு போட்டாலும் விசிஆர் வேகமாகச் சுற்றாது. மினிடிவி காசெட்டும் அப்படியே, ஒரு மணி நேரக் காசெட்டுக்கு ஒரு மணி நேரம்.

இரண்டாம் கட்டம், சுத்தம் செய்வது. நம் ஊர் பால் முறை வீடியோவில் நொடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு அரைப் படங்களாகப் பின்னப்பட்டிருக்கும். பழைய குழாய் டிவியில் இது தெரியாது. இன்றைய திரையில் போட்டால், யாராவது கையை வீசும்போதெல்லாம் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரியும். அதைப் பிரித்து நொடிக்கு 50 முழுப் படமாக்க வேண்டும். இதற்கு டீஇன்டர்லேசிங் என்று பெயர். இதை மிக நன்றாகச் செய்வது என்று பெயரெடுத்த 'க்யூடிஜிஎம்சி' பெரும்பாலும் ப்ராசஸரைத்தான் பிழிகிறது. ஹேண்ட்பிரேக் மென்பொருளிலும் கோடு நீக்குவது, புள்ளி இரைச்சல் நீக்குவது போன்ற வடிகட்டிகளின் சுமை பெரும்பாலும் ப்ராசஸர் தலையில்தான்.

மூன்றாம் கட்டம்தான் சுருக்குவது. கார்டின் என்கோடர் உதவுவது இந்த ஒரு கட்டத்தில் மட்டும். முந்தைய கட்டத்தில் ப்ராசஸர் நொடிக்கு 30 படம்தான் சுத்தம் செய்து தருகிறது என்றால், நொடிக்கு 500 படம் சுருக்கும் கார்டும் 30 படத்தோடு காத்துக்கொண்டுதான் நிற்கும். கல்யாணப் பந்தியில் பரிமாற ஐம்பது பேரை நிறுத்திவிட்டு, சமைக்க ஒரே ஆளை வைத்த கதை.

நேரக் கணக்கையும் போட்டுவிடுவோம், கணக்கு சார் கதையாயிற்றே. ஒரு மணி நேர வீடியோ, நொடிக்கு 50 படம் என்றால் 1,80,000 படங்கள். ஆறு கோர் ப்ராசஸர் சுத்தம் செய்து, நிதானமான அமைப்பில் சுருக்கி, நொடிக்கு 25 படம்தான் தள்ளுகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேர வீடியோவுக்கு இரண்டு மணி நேரம். சாரின் ஆறு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம். இரவு பத்து மணிக்குப் போட்டுவிட்டுத் தூங்கினால் இரண்டு இரவு. பெட்டி மொத்தமாக 120 வாட் இழுத்தாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்கூட ஆகாது. வாழ்நாளில் ஒரு முறை செய்யும் வேலையில் ஓர் இரவை மிச்சம் பிடிக்கப் பதினைந்தாயிரம் ரூபாயா? முப்பது வருடம் பீரோவில் காத்திருந்த காசெட்டுக்கு இன்னும் ஓர் இரவு காத்திருக்கத் தெரியாதா?

அடுத்தது தரம். வன்பொருள் என்கோடர்கள் வேகத்துக்காகச் செய்யப்பட்டவை. விளையாடிக்கொண்டே நேரலை அனுப்புபவருக்கு அது அவசியம், ஒவ்வொரு படத்தையும் அந்தக் கணமே சுருக்கியாக வேண்டும். நமக்கு அப்படி ஓர் அவசரமும் இல்லை. 'எக்ஸ்264' போன்ற மென்பொருள் என்கோடரை 'ஸ்லோ' அமைப்பில் ஓடவிட்டால், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, எங்கே பிட்டுகளைச் செலவழிக்கலாம், எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று நின்று யோசிக்கும். அதே கோப்பு அளவில் படம் தெளிவாக வரும். சமீப வருடங்களில் கார்டுகள் நன்றாக முன்னேறி இடைவெளி குறைந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முன்னேறிய அந்தக் கார்டுகளில் பல பட்ஜெட் கார்டுகள் அல்ல. எக்ஸ்264-உம் ஹேண்ட்பிரேக்கும் எஃப்எஃப்எம்பெக்கும் இலவசம். உலகத் தரமான என்கோடர் சும்மா கிடைக்கும்போது சுமாரான என்கோடரைக் காசு கொடுத்து வாங்குவதை என்னவென்று சொல்ல?

இனி சார் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். தரம் கெடாமல் பதிவு செய்தால் விஎச்எஸ் வீடியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 30 ஜிபி பிடிக்கும். மூன்று மணி நேரத்துக்கு 90 ஜிபி. 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸும் மற்றதும் போக ஒரு காசெட்டுக்கு இடம் இருந்தது, இரண்டாவதற்குப் போதவில்லை. கடைக்குப் போன் செய்திருக்கிறார். "சின்னதா மாத்திட்டு பெரிய ஃபைலை அழிச்சிடுங்க சார்" என்று பதில். 'அல்ட்ராஃபாஸ்ட்' அமைப்பு, நொடிக்கு 1,000 கிலோபிட், டீஇன்டர்லேசிங் கிடையாது. அரை மணியில் முடிந்துவிட்டது என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். பெரிய கோப்பை அழித்தும்விட்டார்.

நான் போட்டுப் பார்த்தேன். ஆரத்தித் தட்டின் தீபம் ஆடும் இடத்தில் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. அத்தை முகம் இருக்கும் இடத்தில் ஒரு மஞ்சள் திட்டு, அதன் மேல் சீப்புக் கோடுகள். பாட்டு மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

திரும்பப் பதிவு செய்துவிடலாம் என்று காசெட்டை எடுத்தோம். ஈரக்காற்றில் உள்ளே வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்தது. கடன் வாங்கிய விசிஆர் முதல் காசெட்டின் டேப்பை இழுத்துச் சுருட்டி அறுத்துவிட்டது. புது விசிஆர் எங்கே போய் வாங்குவது? கடைசியாக விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016-இல் நிறுத்திவிட்டது.

கார்டுக்குக் கொடுத்த பணத்தில் பாதிக்கும் குறைவாகச் செலவழித்து ஒரு ஹார்ட்டிஸ்க் வாங்கியிருந்தால் அந்தப் பெரிய கோப்பு இன்றைக்கும் இருந்திருக்கும். ஆயிரம் தடவை வேண்டுமானாலும் திரும்பச் சுருக்கிப் பார்த்திருக்கலாம். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை என்பார்கள். இங்கே யானையும் வேண்டாத யானை. என் கோபம் இதுதான். 'வேகம்' என்ற ஒற்றை வார்த்தையைக் காட்டி, வேகம் தேவையே இல்லாத வேலைக்கு விற்கிறார்கள். அந்தப் பணம் எங்கிருந்து பிடுங்கப்படுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை.

மறுத்துப் பேச நினைப்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

"நான் 4கே எடிட்டிங் செய்கிறேன்" என்பீர்கள். செய்யுங்கள், உங்களுக்குக் கார்டு வேண்டும். டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்கள் கார்டை நன்றாகவே பயன்படுத்துகின்றன. நான் பேசுவது எடிட்டிங் பற்றி அல்ல, என்கோடிங் பற்றி. இரண்டையும் 'வீடியோ வேலை' என்று ஒரே மூட்டையில் கட்டுவதிலிருந்துதான் ஏமாற்றம் ஆரம்பிக்கிறது.

"தம்பி கேம் ஆடுவான்" என்பீர்கள். ஆடட்டும். அப்படியென்றால் அது கேம் செலவு என்று சொல்லி வாங்குங்கள். தாத்தா பாட்டி வீடியோ தலையில் அந்தச் செலவை எழுதாதீர்கள்.

"ஏவி1 வந்துவிட்டதே, அதற்குப் புதுக் கார்டு வேண்டாமா?" என்பீர்கள். ஏவி1 நல்ல முறைதான், 2018-இல் வந்தது. அதற்கும் எஸ்விடி-ஏவி1 என்று இலவச மென்பொருள் என்கோடர் உண்டு, ப்ராசஸரிலேயே ஓடும். ஆனால் உங்கள் வீடியோ 720-க்கு 576 புள்ளிதான். எச்.264-இல் நொடிக்கு 4 மெகாபிட் தாராளமாகக் கொடுத்தாலும் ஒரு மணி நேரம் 1.8 ஜிபி. அத்தை வீட்டுப் பழைய டிவியிலும் ஓடும். இதற்கு மேல் மிச்சம் பிடித்து எந்த அரண்மனை கட்டப் போகிறோம்?

திட்டிவிட்டுப் போவது சுலபம், எதை வாங்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பணத்தை இந்த வரிசையில் செலவழியுங்கள்.

முதலில் ப்ராசஸர். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளமைந்த கிராஃபிக்ஸ். இன்டெல் என்றால் கோர் ஐ5 12400, கடைசியில் எஃப் வேண்டாம். ஏஎம்டி என்றால் ரைசன் 5 5600ஜி. இரண்டிலும் உள்ளேயே என்கோடர் உண்டு, அவசரத்துக்குக் கைகொடுக்கும். பதினாறு கோருக்கும் ஆசைப்படாதீர்கள். இவ்வளவு சிறிய படத்தைப் பதினாறு பேர் பங்கு போட முடியாது, பாதிப் பேர் சும்மா நிற்பார்கள். ஆறு கோரிலேயே மிச்சம் தெரிந்தால் இரண்டு கோப்புகளை ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள்.

இரண்டாவது ஹார்ட்டிஸ்க். ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பெட்டிக்குள், இன்னொன்று வெளியே பீரோவில். அசல் பதிவு இரண்டிலும் இருக்க வேண்டும். மினிடிவி என்றால் மணிக்கு 13 ஜிபி, விஎச்எஸ் என்றால் முன்பு சொன்ன 30 ஜிபி. இருக்கிற காசெட்டுகளை எண்ணிப் பெருக்கி வாங்குங்கள்.

மூன்றாவது, பெயர் தெரிந்த பவர் சப்ளையும் ஒரு யூபிஎஸ்ஸும். எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும் பெட்டி, அதுவும் சித்திரை வெயிலில். நடு இரவில் கரண்ட் போனால் பாதியில் நின்ற எம்பி4 கோப்பு பெரும்பாலும் திறக்கவே திறக்காது, அட்டவணை பொதுவாகக் கடைசியில்தான் எழுதப்படும். அதனால் எம்கேவி-யாகச் சேமியுங்கள், அதுவரை ஓடியதாவது மிஞ்சும்.

ரேம் 8 ஜிபி போதும், 16 இருந்தால் சௌகரியம். 2025 கடைசியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்கள் 32 பக்கம் போக மாட்டார்கள். மினிடிவி கேமராவுக்கு ஃபயர்வயர் கார்டு செருக வேண்டும், மதர்போர்டில் ஒரு துளை காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் வாங்க வேண்டிய ஒரே கார்டு அதுதான்!

இவ்வளவும் முடியாது என்பவர்களுக்கு, அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெஸ்க்டாப் இருக்கிறது. 2018-இன் கோர் ஐ5 8500 ஆறு கோர் சிப், க்விக் சிங்க்கும் உண்டு, விண்டோஸ் 11-உம் ஏற்கும். அதற்கும் முந்தைய தலைமுறை மலிவாகக் கிடைத்தால் யோசியுங்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடத் தெரிந்தால் வாங்கலாம், ஹேண்ட்பிரேக் அதிலும் ஓடும்.

அமைப்பு இவ்வளவுதான்: பதிவு எஃப்எஃப்வி1 போன்ற இழப்பில்லாத முறையில். சுருக்க எக்ஸ்264, ஸ்லோ, சிஆர்எஃப் 18. எண் குறையக் குறையத் தரம் கூடும், கோப்பும் பெருக்கும். எப்போதும் முதலில் இரண்டு நிமிடம் மட்டும் சுருக்கி, பெரிய திரையில் போட்டு, வீட்டில் மூத்தவரிடம் காட்டுங்கள். அவர் முகத்தை அடையாளம் சொல்லிவிட்டால் அமைப்பு சரி. அசலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழிக்காதீர்கள்.

சாரிடம் இதில் எதையும் நான் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அறுந்த டேப்பை ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், ஒட்டித் தருபவர் யாராவது கிடைப்பாரா என்று சென்னை ரிச்சி தெருவில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ஒட்டினாலும் அறுந்த இடத்தில் சில நொடிகள் போய்விடும். அது ஆரத்தி இடமாக இருக்கக் கூடாதே என்றுதான் கவலை.

கிளம்பும் அன்று இரண்டாவது காசெட்டை மட்டும் என் பையில் எடுத்து வைத்துக்கொண்டேன். "எவ்வளவு நாளாகும்ப்பா?" என்றார் சார். "நிதானமாகத்தான் ஆகும் சார்" என்றேன். "பரவாயில்லை, எனக்கு என்ன அவசரம்?" என்றார்.

அந்தக் கேள்வியைக் கடையில் அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.